பங்குக் கிணறும் லினக்ஸ் லைப்ரரியும்

(தருமபுரியில் கல்லூரி மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். அரூர், பென்னாகரம் பக்கமிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்குப் போகிறேன்.

நம் மேட்டுக்காட்டில் பங்குக் கிணறு பார்த்திருப்பீர்கள். நாலு பேர் நிலத்துக்கு ஒரே கிணறு, ஆளுக்கொரு முறை. லினக்ஸில் ஷேர்டு லைப்ரரி, அதாவது பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு, அதுவும் அப்படித்தான். ரகசியக் குறியீட்டு வேலையை ஒவ்வொரு மென்பொருளும் தனியாகச் சுமக்காமல், பலவும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியைப் பகிர்ந்துகொள்கின்றன. 2014-ல் அதில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தபோது, ஓட்டையை அடைக்க இந்த லைப்ரரியைப் புதுப்பித்து, சேவைகளை மறுபடி தொடங்கினால் போதும். அதைப் பகிர்ந்த மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் ஓட்டை அடைபட்டது.

சரி, கிணறு, அதாவது அந்த லைப்ரரி, இல்லாவிட்டால்? மென்பொருள் தொடங்கும்போதே, லைப்ரரிகளைக் கொண்டுவந்து இணைக்கும் லோடர் தேடிப் பார்த்து, கிடைக்காத கோப்பின் பெயரைச் சொல்லி நின்றுவிடும். இந்தச் செய்தியைப் பார்த்ததுமே லினக்ஸை விட்டுவிட்டுப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதில்தான் எனக்கு வருத்தம். ஏனென்றால் தேட வேண்டிய பெயர் அந்த வரியிலேயே இருக்கிறது.

உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 22.04 பதிப்பில் ஓபன்எஸ்எஸ்எல் 3 வந்தது, 1.1 போனது. பழைய மென்பொருள்கள் 1.1-ஐக் கேட்டு நின்றன. பலர் 3-ஆம் பதிப்புக் கோப்புக்கே 1.1 என்று பெயர் வைத்து சிம்லிங்க், அதாவது இன்னொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி, போட்டார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். லைப்ரரியின் பெயரோடு ஒட்டிய அந்த எண் மாறினால், பழைய மென்பொருளோடு இது பொருந்தாது என்று எழுதியவர்களே அறிவிக்கிறார்கள். எங்கிருந்தோ பழைய 1.1-ஐ எடுத்துப் போடுவதும் சரியில்லை. அதற்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரோடு முடிந்தது. அந்த மென்பொருளின் புதிய பதிப்பைத் தேடுங்கள்.

மற்றபடி வழி எளிது. உபுண்டுவில் மென்பொருள் வரும் டெப் (.deb) கோப்பை டிபிகேஜி (dpkg) கட்டளை கொண்டு நிறுவினால் அது சார்புகளை, அதாவது அந்த மென்பொருளுக்குத் தேவையான மற்றத் தொகுப்புகளை, கொண்டுவராது. ஆப்ட் (apt) கட்டளை கொண்டு நிறுவினால் கொண்டுவரும். அப்படியும் நின்றால் எல்டிடி (ldd) கட்டளையில் எந்த லைப்ரரி கிடைக்கவில்லை என்று பாருங்கள். நம்பகமில்லாத கோப்பில் மட்டும் எல்டிடி வேண்டாம், அது அந்தக் கோப்பையே இயக்கிவிடக்கூடும். லைப்ரரியின் பெயரை ஆப்ட்-ஃபைல் (apt-file) கட்டளையிடம் கேட்டால், எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்று சொல்லும். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகை வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையை டிஎன்எஃப் புரொவைட்ஸ் (dnf provides) செய்யும்.

ஒரு அனுபவம் சொல்கிறேன். இங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில் பழைய பிரிண்டர், அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் லினக்ஸில் ஓடவில்லை. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. இயக்கினால் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்கிறது. கடைக்கார அண்ணன் இரண்டு முறை உபுண்டுவையே அழித்துப் போட்டுவிட்டார். நான், ஒரு கோப்பு எந்த வகை என்று சொல்லும் ஃபைல் (file) கட்டளை கொடுத்துப் பார்த்தேன். டிரைவர் 32 பிட், கணினி 64 பிட். இல்லாமல் போனது டிரைவர் கோப்பு அல்ல, அதைத் தூக்கி ஓட்ட வேண்டிய 32 பிட் லோடர். டிபிகேஜியில் ஐ386 (i386) எனும் 32 பிட் கட்டமைப்பைச் சேர்த்து, ஆப்ட் பட்டியலைப் புதுப்பித்து, அந்த லோடரும் அடங்கிய லிப்சி6 (libc6) தொகுப்பின் 32 பிட் வடிவத்தைப் போட்டோம். அப்புறம்தான் எல்டிடி வாய் திறந்து, அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் (CUPS) லைப்ரரியின் 32 பிட் வடிவமும் வேண்டும் என்றது. அதையும் போட்டதும் பிரிண்டர் ஓடியது. முதலில் வந்தது, வரிசையில் காத்திருந்த ஒரு பாட்டியின் ரேஷன் அட்டை நகல்.