முண்டக்கண்ணிக்குக் கரை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். ஏரி, குளம் தூர்வாரும் குழுக்களிலிருந்து நிறையப் பேர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். அதனால் விரால், கெளுத்தி பற்றியெல்லாம் பேசப்போவதில்லை. குழம்புக்கு ஆகாத, வலையில் விழுந்தாலும் உதறிவிடுகிற ஒரு மீனைப் பற்றித்தான் பேச்சு.

வாய்க்கால் ஓரத்தில், நீரின் மேற்பரப்பை முதுகு தொடுகிற மாதிரி அசையாமல் நிற்கும். தலையில் வெள்ளிப் பொட்டு ஒன்று மின்னும். முண்டக்கண்ணிதான். தென்னிந்தியாவில் இதில் சில இனங்கள் உண்டு. பெரியது அப்லோகைலஸ் லீனியேட்டஸ், 10 செ.மீ. வரை வளரும். சின்னவற்றில் ஒன்று அப்லோகைலஸ் பார்வஸ். சென்னைப் பக்கத்து நன்னீர் மீன்களை ஆராய்ந்த சுந்தர ராஜ் 1916இல் அதை விவரித்து எழுதினார். இலங்கையில் மட்டுமே வாழும் உறவினர்களும் இதற்கு உண்டு.

உடம்பைக் கவனியுங்கள். நெற்றியும் முதுகும் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தாற்போல் தட்டை. வாய் மேல்நோக்கித் திறக்கும். முதுகுத் துடுப்பு வாலுக்குப் பக்கத்தில் இருப்பதால் நின்ற இடத்திலிருந்தே பாய்ந்துவிடும். அப்புறம் மூச்சு. கோடையில் தேங்கிய குட்டையில், விடியும் நேரத்தில், ஆக்சிஜன் ஏறக்குறையத் தீர்ந்திருக்கும். ஆனால் காற்றோடு உரசிக்கொண்டிருக்கும் மேல்தண்ணீரில், சில மில்லிமீட்டர் கனத்துக்கு, எப்போதும் கொஞ்சம் கரைந்திருக்கும். தட்டைத் தலையும் மேல்வாயும் உள்ள மீனுக்கு அந்த மெல்லிய அடுக்கே போதும். கெண்டை வாயைப் பிளந்து தத்தளிக்கும் குட்டையில் முண்டக்கண்ணி சாவகாசமாக நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் வேட்டை. ஒரு எறும்போ வெட்டுக்கிளியோ தண்ணீரில் விழுந்து துடித்தால் சிற்றலைகள் கிளம்பும் இல்லையா? தலையின் மேல்பக்கத்தில் உள்ள உணர்வுப் புள்ளிகளால் இந்த மீன் அந்த அலையைப் படிக்கிறது. இரை எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று இருட்டிலும் கண்டுபிடித்துவிடும். ஜெர்மனியில் ஹார்ஸ்ட் பிளெக்மன் போன்ற ஆய்வாளர்கள் நம்மூர் லீனியேட்டஸை ஆய்வுக்கூடத் தொட்டியில் வைத்துத்தான் இதை அலசினார்கள். நாம் உதறிவிடும் மீன் அங்கே ஆராய்ச்சிக் கட்டுரைகளின் நாயகன்!

கொசுப்புழு மூச்சுவிட மேலே வந்தே ஆக வேண்டும். மேலே இது காத்திருக்கிறது. சரி, அப்படியென்றால் கொசுவை ஒழிக்க நாம் எந்த மீனை விட்டோம்? 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியாவை. அமெரிக்காவின் தென்பகுதியிலும் மெக்சிகோவிலும் வாழ்ந்த மீன் அது. முட்டையிடாது, குட்டி போடும். ஆணின் விந்தைப் பெண் உடலிலேயே சேமித்து வைத்துக்கொள்ளும். ஒரே ஒரு சினைப்பெண் போய்ச் சேர்ந்தாலும் ஒரு குளம் நிறைய ஆரம்பித்துவிடும். கொசுப்புழுவோடு தலைப்பிரட்டைகளையும் மற்ற மீன்களின் முட்டை, குஞ்சுகளையும் தின்னும். பிற மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறும். உலகின் மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதற்கு இடம் கிடைத்தது சும்மா இல்லை. மலேரியா ஆட்டிப்படைத்த காலத்தில் எடுத்த முடிவை இன்று உட்கார்ந்து திட்டுவது எளிது, நான் திட்டவில்லை. இன்னமும் பை பையாக விடுகிறோமே, அதைத்தான் கேட்கிறேன்.

முண்டக்கண்ணி தினமும் சில முட்டைகளைத்தான் இடும். அவை ஒட்டும் இழைகளால் பாசியிலும் செடிவேரிலும் தொங்கி, பொரிய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஆகவே அதற்குத் தேவை ஆழமான ஏரி அல்ல, ஆழம் குறைந்த ஓரம். நீங்கள் ஜேசிபி வைத்து நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டி, கல் பதித்து, நடைபாதை போடும்போது போவது அந்த ஓரம்தான். கொள்ளளவு கூடும், ஒத்துக்கொள்கிறேன். ஆகாயத்தாமரையை எடுங்கள், அது மேற்பரப்பையே மூடிவிடும். ஆனால் கோரையையும் சேர்த்து வழித்தெடுத்து ‘சுத்தம்’ என்று படம் போடாதீர்கள். ஒரு பக்கமாவது சரிவாக, புல்லோடு கிடக்கட்டும்.

“இது அழிகிற மீனா?” என்று கேட்பீர்கள். இல்லை. சர்வதேசப் பட்டியலில் லீனியேட்டஸ் கவலை குறைந்த இனம். ஜப்பானில் மெடாகாவைப் பற்றியும் யாரும் கவலைப்பட்டதில்லை. நெல்வயலில் மேலாக நீந்தும் சின்ன மீன், குழந்தைகள் கையால் அள்ளுவது. 1994இல் கொலம்பியா விண்ணோடத்தில் விண்வெளிக்கே போய் முட்டையிட்டது. அடுத்த ஐந்தே ஆண்டில், 1999இல், அந்நாட்டு அரசின் அருகிவரும் இனப் பட்டியலில் சேர்ந்தது. வாய்க்கால்களுக்குக் கான்கிரீட் போட்டார்கள். வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே உயர வித்தியாசம் விழுந்தது. முட்டையிட வயலுக்கு ஏற மீனுக்கு வழியில்லை. பூச்சிமருந்தும் கம்பூசியாவும் பாக்கியைப் பார்த்துக்கொண்டன.

நேரமாகிவிட்டது. வீட்டில் வளர்க்கலாமா என்று ஒரு தம்பி சீட்டு அனுப்பியிருக்கிறார். வளர்க்கலாம். தொட்டிக்கு மூடி போடுங்கள், எகிறி வெளியே விழுந்துவிடும். கூடவே சின்னக் குஞ்சுகளை விடாதீர்கள், தின்றுவிடும். அலுத்துப்போனால் பிடித்த வாய்க்காலிலேயே விடலாமா என்றும் கேட்டிருக்கிறார். கடையில் வாங்கிய மீன்களோடு ஒரே தொட்டியில் இருந்தது என்றால் வேண்டாம், நோய் பரவும். வளர்க்கிற இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.