வெள்ளிக்கிழமைப் பாடம்: வெளியூர் ஆட்டமும் வருகைக் கணக்கும்

[காட்சி: விடியற்காலை. சுங்கை சிப்புட் பஸ் நிறுத்தம். தோளில் பை, பையின் ஓரத்தில் தொங்கும் காற்பந்து பூட்ஸ்.]

குரல்: மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் தோட்டப் பக்கத்திலிருந்து ஈப்போவுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். தினமும் போய்வந்து படிக்கும் பொலிடெக்னிக் மாணவர், கல்லூரிக் காற்பந்துக் குழுவிலும் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளியூர் ஆட்டத்துக்கான ஆட்டக்காரர் பட்டியல் வந்ததும் அவர் கால அட்டவணையை எடுத்து வைக்க வேண்டும்.

[காட்சி: வெள்ளைப் பலகை. 14 கட்டங்கள். மூன்றில் சிவப்புக் கோடு.]

பெரும்பாலான இடங்களில் 80 விழுக்காடு வருகை கட்டாயம். ஒரு பருவத்துக்கு 14 வாரம். வாரம் ஒரு தடவை வரும் பாடத்தில் இரண்டு வகுப்பு தவறினால் 85.7 விழுக்காடு, பரவாயில்லை. மூன்றாவதும் போனால் 78.6. இறுதித் தேர்வுக்கே சிக்கல் வரலாம். வாரம் இரு தடவை வரும் பாடம் என்றால் 28 வகுப்பு. ஐந்து வரை தாங்கும், ஆறு தாங்காது.

நாள் கணக்குப் பார்ப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். “மொத்தமே மூணு நாள்தானே போகல” என்பார்கள். ஆட்டம் சனிக்கிழமை என்றால் பஸ் வெள்ளிக்கிழமையே கிளம்பிவிடும். ஈப்போவிலிருந்து ஜொகூர் பாரு 500 கிலோமீட்டருக்கு மேல், அந்த நாள் முழுக்கச் சாலையில்தான். ஆக மூன்று தடவையும் அடி வாங்குவது அதே வெள்ளிக்கிழமைப் பாடம். கைப்பேசியில் பாடவாரியாக “இன்னும் எத்தனை விடலாம்” என்று எழுதி வையுங்கள். அதில் ஒன்றைக் காய்ச்சலுக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

[காட்சி: கடிதத்தின் மேல் நகரும் விரல்.]

அடுத்தது வகுப்பு விலக்குக் கடிதம், மலாயில், நம் பிள்ளைகள் வாயில் ‘சூராட் பெலெபாசான்’. கடிதம் கிளம்பும் முன்பே பட்டியலில் உங்கள் பெயரையும் மெட்ரிக் எண்ணையும் (மாணவர் பதிவு எண்) சரிபாருங்கள். பெயரில் மகன், மகள் என்பதைக் குறிக்கும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ விடுபடுவதும், நீளமான அப்பா பெயர் பாதியில் வெட்டுப்படுவதும் நமக்குப் புதிதல்ல. எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் கடிதம் வேறொருவருக்குப் போய்விடும். கடிதத்தின் பிரதி விரிவுரையாளர் கைக்குச் சேரும்வரை பதிவேட்டில் நீங்கள் வராதவர்தான். பயிற்றுநர் அனுப்பியிருப்பார் என்று இருந்துவிடாதீர்கள்.

கடிதம் வருகையைத்தான் காப்பாற்றும். தவறிய குவிஸ் புள்ளி தானாக வராது. ஒரு வாரம் முன்னதாகவே விரிவுரையாளருக்கு நான்கு விவரம் அனுப்புங்கள்: தேதி, எந்த வகுப்பு, அன்றைக்கு என்ன மதிப்பீடு, எந்த நாளில் ஈடுசெய்யலாம். கடைசியை நீங்களே முன்மொழிந்தால் பதில் சீக்கிரம் வரும். செய்முறை வகுப்பு என்றால் அதே வாரம் வேறு பிரிவோடு உட்காரக் கேளுங்கள். திரும்பி வந்து கேட்டால் கருவியைக் கழற்றி வைத்திருப்பார்கள்.

[காட்சி: ஓடும் பஸ். சன்னலுக்கு வெளியே செம்பனை.]

பஸ்ஸில் படிப்பதைப் பற்றிப் பெரிய கனவு வேண்டாம். குனிந்து வாசித்தால் பலருக்கும் குமட்டும்: உடம்பு அசைவதைக் காது உணர்கிறது, கண்ணுக்கோ தாள் அசையாமல் தெரிகிறது. காதால் கேட்பது தோதாக இருக்கும். பாடச் சுருக்கத்தை உங்கள் குரலிலேயே பத்து நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். கணக்குப் போட வேண்டுமானால் தாப்பா ஓய்விடத்தில் பஸ் நிற்கும்போது மேசையில் ஒன்று போடலாம். ஒன்று போதும்.

தங்குமிடத்தில் பத்துப் பேருக்கு ஒரு பிளக் இருக்கும். குறிப்புகளை வீட்டிலேயே தரவிறக்கிவிடுங்கள். கெடு இரவு 11:59 என்றால் இடுபணியை முந்தின நாளே ஏற்றிவிடுங்கள். அந்த நேரத்தில் அறை முழுக்க ஒரே வைஃபையில் தொங்கும்.

[காட்சி: நள்ளிரவு. ஈப்போவில் இறங்கும் குழு.]

இரவு இரண்டு மணிக்கு இறங்கினால் தோட்டத்துக்குப் பஸ் கிடையாது. யார் மோட்டாரில் வந்து ஏற்றுவது என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள். இல்லையென்றால் ஈப்போவிலேயே கூட்டாளி வீட்டில் படுத்து எழுந்து, அன்று வகுப்பு நாள் என்றால் எட்டு மணி வகுப்புக்கு அங்கிருந்தே போய்விடுவது மேல். அதற்கு மாற்றுச் சட்டை பையில் இருக்க வேண்டும். ஈர ஜெர்சியை வேறு பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். நோட்டோடு சேர்த்துத் திணித்தால் காலையில் மை ஊறி ஒரு வரியும் தெரியாது.