முந்நூறு பேர் வாழும் பழங்குடி ஊரின் கணக்கு

அவையோருக்கு வணக்கம்.

பழங்குடி ஊர் ஒன்றின் மக்கள்தொகை அட்டவணையை விரித்ததும், முதலில் எது ஊர் என்று கேளுங்கள். எத்தனை பேர் என்பது பிறகு. கணக்கெடுப்புத் துறைக்கு ஊர் என்றால் வருவாய் கிராமம். கோவை மலையடிவாரத்து இருளர் குடியிருப்பான பதிக்கோ, நீலகிரியின் தோடர் குடியிருப்பான மந்துக்கோ அட்டவணையில் தனி வரிசை கிடையாது. சமவெளிக் குடியிருப்புகளோடு சேர்ந்து ஒரே எண்ணாகிவிடும். எஸ்.டி. (பட்டியல் பழங்குடியினர்) பத்தியில் 300 என்றிருந்தால், அது ஒரு பதியாகவும் இருக்கலாம், நான்கு பதிகளாகவும் இருக்கலாம்.

அந்தப் பத்தியிலும் ஒரு வில்லங்கம். பழங்குடியினர் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சில சமூகங்களுக்கு மாவட்டத்துக்கு மாவட்டமும் மாறும். சேலம் மாவட்டத்து மலையாளிகள் (கேரளத்தார் அல்லர், மலைவாழ் சமூகம்) பட்டியலில் இருக்கிறார்கள். ஈரோடு பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் இல்லை. எண் குறைந்தால் மக்கள் குறைந்தார்கள் என்று முடிவு கட்டாதீர்கள்.

எழுத்தறிவில்தான் அதிகம் தவறு நடக்கிறது. 312 பேர், அவர்களில் 6 வயது வரையுள்ளோர் 46, எழுத்தறிந்தோர் 140 என்று வையுங்கள். 140-ஐ 312-ஆல் வகுத்தால் 44.9 விழுக்காடு. அது பிழை. ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ள 266 பேரால் வகுக்க வேண்டும், 52.6 வரும். குழந்தைகள் நிறைந்த ஊரில் இந்தப் பிழை இன்னும் பெரிதாகும்.

அதே 46 குழந்தைகளில் ஆண் 24, பெண் 22 என்றால் பாலின விகிதம், அதாவது ஆயிரம் ஆணுக்கு எத்தனை பெண் என்பது, 917. இரண்டே வீட்டில் ஆணுக்குப் பதில் பெண் பிறந்திருந்தால் 1091! 2011-இல் நாட்டின் குழந்தைப் பாலின விகிதம் 919. அதோடு இவ்வூரை ஒப்பிட்டு அறிக்கை எழுதுவதில் பொருளே இல்லை. விகிதத்தை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணுங்கள்.

தொழில் பத்திகளில், ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர், குறைந்தால் குறுந்தொழிலாளர். தேன், கடுக்காய் சேகரிப்பவரும் தேயிலைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவரும் விவசாயக் கூலியில் வரமாட்டார்கள், ‘இதர’ பத்தியில் வருவார்கள். அங்கே எண் பெருத்திருந்தால் ஊரில் ஏதோ புதுத்தொழில் வந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை காலம். 2011-இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணினார்கள். அந்த நாட்கள் முழுக்க ஊரில் இல்லாதவர் அந்த வீட்டுக் கணக்கில் வரமாட்டார். வட மாவட்டங்களில் செங்கல் சூளை மும்முரமாக நடக்கும் சமயம் அது. முன்பணம் வாங்கிய இருளர் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு சூளையில் இருப்பார்கள். எண்ணப்பட்டால் சூளை இருக்கும் ஊரில்தான் எண்ணப்படுவார்கள். சொந்த ஊரில் பூட்டிய வீடும் கிழவன் கிழவியும் மிஞ்சும். அதை வைத்து அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ ஆள் போதாது என்று எழுதிவிடுகிறார்கள்.

2027 கணக்கெடுப்புக்கும் தமிழ்நாட்டுக்குக் குறித்திருக்கும் நாள் மார்ச் 1, அதே சூளைக் காலம்தான். அதனால் சூளைக்குக் கிளம்புமுன் வீடுவாரியாகப் பெயர், வயது, போகும் சூளை மூன்றையும் எழுதி வையுங்கள். கணக்கெடுப்பாளர் சூளைக்கு வந்தால் மேஸ்திரியைப் பேச விடாமல் குடும்பத்தாரே இனப் பெயரைச் சொல்லட்டும். அதற்குச் சாதிச் சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை.