சொத்தைப் பல் பரம்பரையா வருமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "எனக்கும் வீட்டுக்காரருக்கும் சொத்தைப் பல்லுங்க. பையனுக்கு மூணு வயசு, மேல் முன்பல் நாலும் கறுத்துப்போச்சு. பரம்பரைதானுங்களா?"

பல்லு நெருக்கம், எனாமல்ங்கற பல்லோட வெளி ஓட்டுத் தரம், இதெல்லாம் ஓரளவு பெத்தவங்க வழியா வர்றதுதாங்க. ஆனா மேல் முன்பல் நாலுன்னதும் நான் சந்தேகப்படறது ராத்திரிப் பால் பாட்டிலை. கீழ் முன்பல் நல்லா இருக்குதான்னு பாருங்க. இருந்தா, பெரும்பாலும் பாட்டில்தான். உறிஞ்சும்போது நாக்கு கீழ்ப்பல்லை மூடிக்கும், எச்சிலும் அங்கதான் ஊறும். மேல்பல்லுக்கு அந்தக் காவல் இல்ல. தூக்கத்துல எச்சில் குறைஞ்சிரும், சர்க்கரைப்பால் விடியவிடியப் பல்லுலயே நிக்கும். பால்பல் எனாமல் பெரியவங்களதுல பாதிக் கனம்தான், சட்டுன்னு குழி விழுந்துரும்.

பாட்டிலை ஒரேநாள்ல பிடுங்கினா வீடே ரெண்டாயிரும். முதல்ல சர்க்கரையை நிறுத்துங்க. அப்புறம் ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்காப் பால்ல தண்ணியைக் கூட்டிட்டே வந்து, கடைசில வெறும் தண்ணி.

அப்பா அம்மாகிட்ட இருந்து நிஜமாவே வர்றது கிருமிங்க. கஞ்சி சூடு பாக்க நீங்க வாயில வெச்ச ஸ்பூனாலயே அவனுக்கு ஊட்டினா, உங்க சொத்தைக் கிருமி அவனுக்குப் போகும். அதனால உங்க குழியையும் அடைச்சுக்குங்க.

பேஸ்ட் டியூப்ல, சொத்தையைத் தடுக்கற ஃப்ளோரைடு 1000 பிபிஎம் (ppm)னு போட்டிருக்கணும். மூணு வயசுக்குக் கீழ அரிசிமணி அளவு, மூணு முடிஞ்சா பட்டாணி அளவு. பையன் தலையை மடியில சாய்ச்சு, மேல் உதட்டை விரலால தூக்கி, ஈறு ஓரத்துல தேயுங்க. துப்பட்டும், கொப்புளிக்க வேண்டாம். ராத்திரி தேச்சப்புறம் தண்ணி மட்டும்தான். ஏழெட்டு வயசு வரைக்கும் தேய்க்கறது உங்க கைதான். உமிக்கரி வேண்டாங்க, எனாமலை அராவிரும், ஃப்ளோரைடும் கிடையாது.

சர்க்கரை உப்பேரி (வெல்லம் போட்ட வாழைக்கா வறுவல்), பிஸ்கட்டு எல்லாம் சாப்பாட்டோட சேத்துக் குடுங்க. நாள்பூரா கொறிச்சா ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரம் போலப் பல்லுல அமிலம் இருக்கும்.

உங்க சித்தூர் தாலுகா கிழக்குப் பக்கம் போர்வெல் தண்ணியையும் சோதிக்கணுங்க. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போனா, இனி முளைக்கப்போற நிரந்தரப் பல்லுல வெள்ளைக்கோடு, காவிக்கறை வரும். அது சொத்தை இல்ல, வேற கோளாறு. காய்ச்சினா போகாது, தண்ணி வத்தி இன்னும் கூடத்தான் செய்யும். குடிக்க, சமைக்க ஆர்ஓ தண்ணி எடுத்துக்குங்க.

கறுத்த பல்லை, எப்படியும் விழுகறதுதானேன்னு விட்டுராதீங்க. சீழ் கட்டினா அடியில இருக்கற நிரந்தரப் பல்லையும் கெடுத்துரும். ஈறுல சின்னக் கொப்புளம் தெரிஞ்சா அந்த வாரமே டாக்டர்கிட்டக் காட்டுங்க.