குழாய் தெரிகிறது, ரத்தம் போதுமா? பிறவி இதயத் தமனிக் கோளாறைப் படம் பிடிப்பது எப்படி

[திரையில்: காலியான கூடைப்பந்து மைதானம். பந்து உருண்டு நிற்கும் ஒலி.]

1988 ஜனவரி 5. அமெரிக்கக் கூடைப்பந்தின் பெரிய பெயர்களில் ஒருவரான பீட் மராவிச், ஒரு சாதாரண ஆட்டத்துக்கு நடுவே சரிந்து விழுந்து இறந்தார். வயது 40. அவருக்கு இடது இதயத் தமனி பிறவியிலேயே இல்லை என்பது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. அந்த இதயத்தோடு பத்து சீசன்கள் தொழில்முறை ஆட்டம் ஆடியிருக்கிறார்! இப்படிப்பட்ட கோளாறை, ஆள் உயிரோடு இருக்கும்போதே, இதயத்துக்குள் குழாய் நுழைக்காமல் கண்டுபிடிக்க முடியுமா? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: பெருந்தமனியின் அடிப்பகுதி, மேலிருந்து.]

பெருந்தமனி இதயத்தை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே இரண்டு சிறு தமனிகள் பிரிகின்றன. இவைதான் இதயத் தமனிகள். இதயத் தசை முழுவதும் இந்த இரண்டையும் நம்பித்தான் இருக்கிறது. சிலருக்கு இவை பிறக்கும் இடமே மாறிவிடும். உதாரணமாக, இடது தமனி வலப்பக்கத்தில் முளைத்து, பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே புகுந்து தன் இடத்துக்குப் போய்ச் சேரும். வலது தமனி இடம் மாறுவதுதான் எண்ணிக்கையில் அதிகம். ஆனால் இடது தமனி மாறினால் ஆபத்து அதிகம்.

[திரையில்: இரண்டு தமனி வாய்கள் அருகருகே. ஒன்று வட்டம், இன்னொன்று கீறல்.]

அந்த வாயை நெருங்கிப் பாருங்கள். வழக்கமான தமனியின் வாய் வட்டமாக இருக்கும். இடம் மாறிய தமனியின் வாய் பல நேரங்களில் சட்டைப் பொத்தான் துளை போல ஒரு கீறல்தான். அதைத் தாண்டியும் சில மில்லிமீட்டர் தூரம் அது பெருந்தமனியின் சுவருக்குள்ளேயே ஓடக்கூடும். உட்கார்ந்திருக்கும்வரை தொந்தரவே தெரியாது. ஓடும்போது பெருந்தமனி விரிகிறது, சுவர் இழுபடுகிறது, கீறல் இன்னும் நசுங்குகிறது. இதயத் தசைக்கு, அதிலும் இடப்பக்கத்துக்கு, ரத்தம் பெரும்பாலும் இதயம் தளரும் அந்தச் சிறு இடைவெளியில்தான் கிடைக்கிறது. துடிப்பு வேகமெடுத்தால் அந்த இடைவெளியும் சுருங்கும். தேவை ஏறுகிற அதே நேரத்தில் வரத்து இறங்குகிறது.

அதனால்தான் ஓய்வில் எடுத்த படத்தை மட்டும் வைத்து யாரையும் மைதானத்துக்கு அனுப்ப எனக்கு மனம் வராது.

[திரையில்: எக்கோ திரை, வண்ண டாப்ளர்.]

முதல் பரிசோதனை எக்கோ, அதாவது ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிப்பது. குழந்தைகளிடம் தமனி வாய்கள் நன்றாகவே தெரியும். ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளரின் வேக அளவைக் குறைத்து வைத்தால், பெருந்தமனிச் சுவருக்குள் ஓடும் மெல்லிய ரத்த ஓட்டம்கூட வண்ணக் கோடாகத் தென்படும். தேடிப் பார்ப்பவர் கண்ணுக்குத்தான் அது சிக்கும்.

அடுத்தது சி.டி. ஆஞ்சியோகிராம். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நுணுக்கத்தில் வாயின் வடிவம், கிளம்பும் கோணம், போகும் பாதை எல்லாவற்றையும் காட்டிவிடும். வடிவத்துக்கு இதை விஞ்ச ஆள் இல்லை. ஆனால் அது காட்டுவது குழாயை. தசைக்குப் போய்ச் சேரும் ரத்தத்தை அல்ல.

டிரெட்மில் போதாதா என்று கேட்கலாம். டிரெட்மில் இ.சி.ஜி. நார்மல் என்று வந்தபின் இறந்துபோன இளம் வீரர்கள் இருக்கிறார்கள். நார்மல் என்ற அந்த ஒரு சொல்லை நம்பி நிம்மதியாக இருந்த பெற்றோர்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

[திரையில்: எம்.ஆர்.ஐ. காட்சி. இதயத்தின் குறுக்குவெட்டு, கறுப்பு வெள்ளையில்.]

இங்கேதான் மருந்து கொடுத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. வருகிறது. படுத்திருப்பவரின் ரத்தக் குழாயில் டோபுடமின் சொட்டுச் சொட்டாக ஏறுகிறது. ஓடாமலேயே இதயம் ஓடுகிறவரின் இதயம் போலத் துடிக்கிறது. அந்த வேகத்தில், ரத்தம் போகும் இடத்தைப் படத்தில் வெளுப்பாகக் காட்டும் காடோலினியம் என்ற மருந்து செலுத்தப்படுகிறது. திரையில் வலது அறை வெளுக்கிறது, பிறகு இடது அறை, பிறகு சுற்றியுள்ள தசை வளையம். வளையத்தின் ஒரு பகுதி மட்டும் கறுப்பாகவே நின்றால், அங்கே ரத்தம் தாமதமாகிறது என்று பொருள். அடினோசின் என்ற இன்னொரு மருந்தும் உண்டு. அது தமனிகளை விரிக்கும், ஆனால் இதயத்தை அப்படி ஓட வைக்காது. ஓட்டத்தின்போது நசுங்கும் தமனிக்கு டோபுடமின்தான் பொருத்தம் என்பது என் கருத்து. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சும் இல்லை. குழந்தைகளுக்கு இது பெரிய விஷயம்.

சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் படமெடுக்கும் பெட் ஸ்கேன், தசைக்குப் போகும் ரத்தத்தை எண்ணிக்கையாகவே சொல்லிவிடும். ஓய்வில் ஒரு கிராம் இதயத் தசைக்கு நிமிடத்துக்குச் சுமார் 1 மில்லி ரத்தம். தமனிகள் முழுதாக விரியும்போது ஆரோக்கியமான இதயத்தில் அது மூன்று மடங்குக்கு மேலேயும் போகும். அப்படி ஏறவில்லை என்றால் காரணம் தேட வேண்டும்.

[திரையில்: அறுவை சிகிச்சைக்கு முன், பின்.]

சுவருக்குள் மூடியிருக்கும் பகுதியைத் திறந்துவிடும் அறுவை சிகிச்சை உண்டு. அது முடிந்த பிறகும் இதே சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்துத்தான் விளையாட அனுமதி தருவார்கள்.

உங்கள் பிள்ளை ஓடும்போது மயங்கி விழுந்திருந்தால், அல்லது ஓடும்போது நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னால், உடனே ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி இதய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எக்கோ எடுத்ததும் தயங்காமல் கேளுங்கள்: "இரண்டு தமனிகளின் வாயையும் பார்த்தீர்களா, டாக்டர்?"