பெரியப்பா சீவாளியை எடுப்பதற்கு முன்னால்

வணக்கம் நேயர்களே. வீட்டிலேயே பாட்டும் வாத்தியமும் பதிவு செய்யப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் அதை எப்படித் தயார் செய்வது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்களுக்கு ஆடுதுறை பக்கம். நாதஸ்வரம் செய்கிற நரசிங்கம்பேட்டையும், அதன் முனையில் செருகி ஊதுகிற சீவாளி செய்கிற திருவாவடுதுறையும் கூப்பிடு தூரம். அப்பா தவில்காரர். அவர் வாசித்ததில் இன்றைக்கு எங்களிடம் மிஞ்சியிருப்பது யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாண வீடியோ கேசட்தான். அதிலும் கெட்டிமேளம் ஒரு நிமிடம் கேட்கும், மற்ற இடமெல்லாம் சினிமாப் பாட்டை மேலே ஒட்டிவிட்டார்கள். அதனால்தான் இந்த வேலையில் எனக்கு இவ்வளவு பிடிவாதம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவோடு பல வருஷம் நாதஸ்வரம் வாசித்த பெரியப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி வீட்டுக்கு வரவழைத்தேன். விடியற்காலை நாலு மணி. வாத்தியத்தில் தொங்குகிற கொத்திலிருந்து ஒரு சீவாளியை எடுத்தார், வாயில் வைத்து ஊறவிட்டார், ஊதிப் பார்த்தார், பிடிக்கவில்லை, வேறொன்றை எடுத்தார். அப்புறம் தோடி ராகம், நாற்பது நிமிடம். அவர் காபி குடிக்கும்போது போட்டுக் கேட்டால் நடுநடுவே ‘டப்’, ‘டப்’ என்று வெடிக்கிறது. திரையில் அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வழுவழுப்பாக வளைந்து போக வேண்டிய கோடு ஓரிடத்தில் செங்குத்தாக விழுந்து, கொஞ்சம் தள்ளி வேறு உயரத்தில் மறுபடி ஆரம்பிக்கிறது. நடுவில் இருந்த நாதம் இல்லவே இல்லை. “சரி பாப்பா, இன்னொரு நாளைக்கு வாசிக்கறேன்” என்றார். வாசிக்கவும் செய்தார். ஆனால் அன்றைக்கு மேல் ஸ்தாயியில் நின்று இறங்கி வந்தாரே, அது திரும்ப வரவில்லை.

என் லேப்டாப் மோசமான லேப்டாப் இல்லை. பையனுடைய வகுப்பு, போட்டோ, பேங்க் வேலை எல்லாம் அதில்தான். நான் பதிவு செய்துகொண்டிருந்தபோது வைஃபை ஒரு பக்கம் தேடுகிறது, ஆன்டிவைரஸ் ஒரு பக்கம் துழாவுகிறது, பதிவாகிக்கொண்டிருந்த அந்தக் கோப்பையே இன்னொன்று இணையத்துக்கு ஏற்றப் பார்க்கிறது. ஆகவே புதுசு வாங்கும்போது எத்தனை வேகம் என்று கேட்பதைவிட, வாசிக்கிறவர் எதிரில் அது வேறு வேலை இல்லாமல் உட்காருமா என்று கேளுங்கள். நடுத்தர பிராசஸர், 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி, இவ்வளவு போதும். கேம் ஆடுகிற கிராஃபிக்ஸ் கார்டுக்குக் காசு கொட்ட வேண்டாம், அதன் ஃபேன் இரைச்சல்தான் மைக்கில் விழும். மிச்சக் காசில், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும் தனியாக ஒரு வெளி டிஸ்க்கும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியைப் பிரித்ததும் முதல் நாள் பாட்டுப் பக்கமே போகாதீர்கள். எல்லா அப்டேட்டையும் முடித்து, இரண்டு மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்து, கடையில் போட்டுக் கொடுத்த வேண்டாத புரோகிராம்களை நீக்குங்கள். அப்புறம் இன்டர்ஃபேஸ் கம்பெனியின் தளத்திலிருந்து அதற்கான டிரைவரை, அதாவது கம்ப்யூட்டர் அதோடு பேச உதவுகிற மென்பொருளை, இறக்குங்கள். விண்டோஸில் பதிவு மென்பொருளுக்குள் போய் ஆஸியோ (ASIO) என்று வருகிற அந்த டிரைவரையே தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள், இன்டர்ஃபேஸை வாங்கிவிட்டு லேப்டாப்பின் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருப்பார்கள். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள், ஸ்லீப்பை நிறுத்துங்கள், யுஎஸ்பிக்குக் கரண்ட்டைக் குறைக்கிற செட்டிங்கையும் அணைத்துவிடுங்கள். அப்டேட்டை ஐந்து வாரம் வரை தள்ளிவைக்க வழி இருக்கிறது. பதிவு நாளில் வைஃபை கிடையாது, நோட்டிஃபிகேஷன் கிடையாது. மேக் வாங்கினவர்களுக்கு இதில் பாதி வேலை மிச்சம்.

அடுத்தது பஃபர், அதாவது கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும் வரை சத்தம் சேர்ந்து நிற்கிற இடம். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். போர்செட் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் நிற்காமல் தண்ணீரைக் கொட்டுகிறது, ஒருவர் தொட்டியிலிருந்து இறைத்து வயலுக்கு விடுகிறார். சத்தம் அப்படித்தான் வினாடிக்கு 48,000 துளியாகக் கொட்டிக்கொண்டே இருக்கும், இறைக்கிறவர் கம்ப்யூட்டர். தொட்டி சின்னதாக இருந்தால் தண்ணீர் உடனே வயலுக்குப் போய்விடும், ஆனால் இறைக்கிறவரை யாராவது ஒரு நொடி கூப்பிட்டால் வழிந்துவிடும். அந்த வழிசல்தான் நான் கேட்ட ‘டப்’. தொட்டி பெரிதாக இருந்தால் வழியாது, தாமதமாகும். பதிவு மென்பொருளில் தொட்டியின் அளவை 1024 துளி என்று வைத்தால் உள்ளே வர 21 மில்லி செகண்ட், வெளியே போக 21, ஆக 40க்கு மேல். ஒரு மில்லி செகண்டில் சத்தம் ஏறத்தாழ 34 செ.மீ. போகும், அப்படியானால் ஹெட்போன் போட்டுக்கொண்டு வாசிக்கிற தவில்காரருக்குத் தன் தவிலே 14 மீட்டர் தள்ளிப் பிராகாரத்துக் கோடியிலிருந்து கேட்கிற மாதிரி இருக்கும். அவர் எப்படிக் கணக்கு வாசிப்பார்? அவர் ஹெட்போனில் கேட்டு வாசிக்கும்போது 128 அல்லது 256 வைத்துப் பாருங்கள், வழிந்தால் ஒரு படி ஏற்றுங்கள். கச்சேரி மாதிரி எல்லாரும் நேரில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள், ஹெட்போன் வேண்டாம் என்றால் 1024க்கே போய்விடுங்கள். பெரியப்பாவுக்கு அதுதான் சரி. இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் இருந்தால் கம்ப்யூட்டருக்குள் போகாமலே சத்தம் காதுக்கு வந்துவிடும்.

24 பிட் (ஒவ்வொரு துளியையும் அளக்கிற நுணுக்கம்), வினாடிக்கு 48,000 துளி என்று ஒன்றை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே வையுங்கள். 44,100இல் பதிவானதை ஏதாவது ஒன்று 48,000 என்று நினைத்து ஓட்டினால், இரண்டு கட்டையில் பாடினவர் இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவே ஏதோ ஒரு சுருதியில் கேட்பார், காலப்பிரமாணமும் ஓடிப்போகும். 24 பிட்டில் இன்னொரு நிம்மதி, சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றவே வேண்டாம். மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும். நாதஸ்வரத்துக்கு இது ரொம்ப முக்கியம், மைக்கை அணசுக்குள், அதாவது வாத்தியத்தின் விரிந்த அடிவாய்க்குள், திணிக்காதீர்கள், விரல் துளைகளிலிருந்தும் நாதம் வருகிறது, ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள்.

டிஸ்க் இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு மைக், ஒரு மணி நேரம், சுமார் 1 ஜிபிதான். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956இல் காலமானார். அவர் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும், அதற்குள் ராகத்தை அடக்கிக் கொடுத்தார்கள். இன்றைக்கு நம் வீட்டுப் பெரியவர் இரண்டு மணி நேரம் வாசித்தாலும் இடம் இருக்கிறது. வாசித்து முடித்த கையோடு வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி, வேறு வீட்டில் இன்னொரு பிரதி.

கரண்ட் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. லேப்டாப் என்றால் பேட்டரி தாங்கும், டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் பதிவைத் தொடங்காதீர்கள், அதுவும் கரண்ட்டை வழுவழுப்பான அலையாகக் கொடுக்கிற சைன் வேவ் யுபிஎஸ். ‘ம்ம்ம்’ என்று அடியில் ஒரு உறுமல் கேட்டால் அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல். முதலில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் முனையைப் பிடுங்கிவிட்டு ஓட்டுவது ஆபத்து, உறுமல் போகிறது என்று யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

எல்லாம் ஆன பிறகு முந்தின ராத்திரி ஒரு சோதனை. ஆள் யாரும் இல்லாமல் மைக்கை மட்டும் வைத்து, அடுத்த நாள் வைக்கப்போகிற அதே செட்டிங்கில் ஒரு மணி நேரம் பதிவாக விடுங்கள். காலையில் ஹெட்போன் போட்டு முழுசாகக் கேளுங்கள், ஓட்டி ஓட்டிக் கேட்காதீர்கள். இன்றைக்கு விடியற்காலை என் புதுக் கம்ப்யூட்டரை அப்படி ஓடவிட்டேன். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதால் தவளைச் சத்தம், தூரத்தில் மாயவரம் பக்கம் போகிற ஒரு ரயில், விடியும்போது எதிர்வீட்டு வாசலில் தண்ணீர் தெளிக்கிற சத்தம். ‘டப்’ ஒன்றுகூட இல்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வருகிறேன் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். வணக்கம்.