பனிச்சறுக்கு வண்டியும் பள்ளித் திடலும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எட்டு மணிக்கு இன்னொரு நிகழ்ச்சி இருந்தும் நமக்காக முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டத்தோ அவர்களே, டத்தின் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, இரண்டு தடவை மைக்கைச் சரிசெய்து கொடுத்த தம்பி உட்பட பிரிக்பீல்ட்ஸ் அன்பர்களே, வணக்கம்.

நமக்குப் பனிக்கட்டி என்றால் ஐஸ் கச்சாங்தான். பாப்ஸ்லே, ஸ்கெலட்டன் என்று, பனிப் பாதையில் வண்டியில் சறுக்கிப் பாயும் போட்டிகளைப் பற்றி இவன் என்ன பேசப் போகிறான் என டத்தோ புன்னகைக்கிறார். மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன்: போட்டி பிறந்த கதை, வண்டியின் எடைக் கணக்கு, ஒரு போல்ட்டின் கதை. மூன்றுக்கும் ஒரே பழமொழி போதும்: சிறு துரும்பும் பல் குத்த உதவும்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸுக்குக் குளிர்காலம் கழிக்க வந்த ஆங்கிலேயர்கள் பொழுது போகாமல் ஊர்த் தெருவிலேயே சறுக்கினார்கள். நடந்து போகிறவர்கள் கதி என்ன? தொல்லை தாங்காமல் தனிப் பாதை போட வேண்டியதாயிற்று. 1923-இல் பாப்ஸ்லேக்குச் சர்வதேசக் கூட்டமைப்பு, 1924-இல் ஷாமொனியில் முதல் குளிர்கால ஒலிம்பிக், 1930-இல் முதல் உலகச் சாம்பியன்ஷிப். தலையை முன்னால் நீட்டிக் குப்புறப் படுத்துப் பாயும் ஸ்கெலட்டன் 1928-இலும் 1948-இலும் ஒலிம்பிக்கில் இருந்தது, இரண்டு முறையும் செயின்ட் மோரிட்ஸில்தான். அப்புறம் 2002 வரை காணோம்!

இனி போல்ட். 1964, இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக். இருவர் வண்டிப் போட்டி. பிரிட்டனின் நாஷ், டிக்சன் இருவரும் நன்றாக ஓட்டிக்கொண்டிருக்கும்போது வண்டியின் அச்சில் போல்ட் ஒடிந்துவிட்டது. மாற்று போல்ட் கையில் இல்லை. நம் ஊராக இருந்தால் பக்கத்து மோட்டார் பட்டறைக்கு ஓடலாம். அங்கே மலை, பனி! முடிந்தது கதை என்று நிற்கிறார்கள். யார் உதவினார் தெரியுமா? அவர்களுடைய பெரிய எதிரி, இத்தாலியின் யூஜெனியோ மோன்டி. பலமுறை உலகச் சாம்பியன். ஒலிம்பிக் தங்கம் மட்டும் கிடைக்காமல் ஏங்கியவர். தம் ஓட்டம் முடிந்ததும் சொந்த வண்டியிலிருந்து போல்ட்டைக் கழற்றி மேலே அனுப்பினார். பிரிட்டன் தங்கம் வென்றது, மோன்டிக்கு வெண்கலம். அவர் ஊர்க்காரர்கள் திட்டியபோது, என் போல்ட்டால் நாஷ் ஜெயிக்கவில்லை, வேகமாக ஓட்டியதால் ஜெயித்தார் என்றாராம். (டத்தின் கைதட்டுகிறார், நன்றி அம்மா.) நான்கு வருடம் கழித்து, 40 வயதில், கிரெனோபிளில் அதே மோன்டி இரண்டு தங்கம் வாங்கினார். சிறு துரும்பும் பல் குத்த உதவும்!

எடைக் கணக்கைச் சொல்ல நேரமில்லை, செயலாளர் மணி அடித்துவிட்டார். 1952-இல் ஒஸ்லோவில் ஜெர்மானியர்கள் தங்கள் உடல் பாரத்தாலேயே வென்றார்கள், அதற்குப் பிறகு எடைக்கு வரம்பு வந்தது என்பதோடு விடுகிறேன்.

நான் வந்த விஷயம் வேறு. இந்த வண்டியை முதல் 50 மீட்டர் தள்ளி ஓடுகிறவர்கள் யார்? ஓட்டக்காரர்கள்! 1988-இல் பனியே இல்லாத ஜமைக்கா கால்கரி ஒலிம்பிக்குக்குப் போய் வண்டி கவிழ்ந்தது. 1994-இல் நால்வர் போட்டியில் 14-ஆவது இடம் பிடித்தது. 2002-இல் மகளிர் பாப்ஸ்லே தங்கம் வென்ற வொனெட்டா ஃபிளவர்ஸ், ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் வளர்ந்தவர். எல்லாம் திடலில் தொடங்கியது.

நம் தமிழ்ப்பள்ளித் திடல் எங்கே? நான் படித்த பள்ளியில் 100 மீட்டர் ஓட இடமிருந்தது. இப்போது அங்கே கார் நிற்கிறது. திடல்தடப் போட்டிக்குப் பிள்ளைகள் நடைபாதையில் பயிற்சி எடுக்கிறார்கள். 60 பிள்ளைகள் படிக்கும் சின்னப் பள்ளிக்குத் திடல் எதற்கு என்கிறார்கள். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று அவர்களுக்கு யாராவது சொல்லுங்கள்!

டத்தோ அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் கதவு திறக்கும். அதுவரை, திடல் நிதிக்கான நோட்டுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. பெயரை எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போங்கள், வடை சூடாக இருக்கிறது.